படத்தை எந்த இடத்துல நிறுத்துவீங்க? பாட்காஸ்ட் நேயர்களோடு பேச ஒரு வழிகாட்டி

சினிமா பாட்காஸ்ட் கேட்கிறவர்கள் நேரில் வந்தால் முதல் பத்து நிமிடம் சினிமாதான் ஓடும். அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்புறம் ஒரு அமைதி விழும் பாருங்கள், எல்லாரும் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் பேட்டர்ன் போடுகிறவள். வீடு சத்துவாச்சாரியில். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சாப்பாடு முடிந்ததும் என் கொழுந்தனாரும் நானும் ஒரு பழைய படத்தைப் போட்டு, அது ஓட ஓடவே பேசிப் பதிவு செய்வோம். கேட்பவரும் வீட்டில் அதே படத்தைப் போட்டுக்கொண்டு, நாங்கள் ‘மூணு, ரெண்டு, ஒண்ணு’ சொன்னதும் ஓடவிட்டு, எங்கள் பேச்சைக் காதில் வைத்துக்கொள்ள வேண்டும். யோசனை எங்களுடையது இல்லை. 1984இல் அமெரிக்காவில் ‘கிங் காங்’ படத்தை லேசர் டிஸ்க்கில் வெளியிட்டபோது, ரொனால்ட் ஹேவர் என்பவர் படம் நெடுகப் பேசியதைத் தனி ஒலித்தடத்தில் சேர்த்தார்கள். கமெண்டரி என்கிறோமே, அதற்கு ஆரம்பம் அது. தியேட்டரில் பின்வரிசையில் உட்கார்ந்து நம் ஆட்கள் அதற்கு ரொம்ப முன்னாலிருந்தே செய்துகொண்டிருந்தது வேறு கணக்கு.

மாதத்தில் ஒரு சாயங்காலம் நேயர்களில் வரமுடிந்தவர்கள் வேலூர்க் கோட்டைக்கு வெளியே அகழி ஓரம் கூடுவோம். குடியாத்தம், ஆம்பூர், வாலாஜா, காட்பாடி என்று நாலா பக்கமிருந்தும் வருவார்கள். ஏற்கெனவே பார்த்த படத்தை, அதுவும் இரண்டரை மணி நேரப் படத்தை, யாரோ இரண்டு பேர் நொட்டை சொல்வதைக் கேட்டபடி மறுபடி முழுசாகப் பார்க்கிற பொறுமை சும்மா வராது. அப்படிப்பட்ட ஆள் வீட்டில் பரண்மேலோ, கட்டிலுக்கடியிலோ, மொட்டை மாடி ஷெட்டிலோ இன்னொரு பைத்தியம் கட்டாயம் இருக்கும். அதை வெளியே கொண்டுவருவதுதான் உங்கள் வேலை.

அவர்களுக்கு உங்களைத் தெரியும், உங்களுக்கு அவர்களைத் தெரியாது

இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். வருகிறவர் உங்கள் குரலை பஸ்ஸிலும் சமையலறையிலும் கேட்டுப் பழகியவர். உங்கள் வீட்டுக் குக்கர் எத்தனையாவது நிமிடத்தில் விசிலடித்தது என்பதுகூட ஞாபகம் வைத்திருப்பார். ‘அக்கா, கால் வலி பரவால்லையா?’ என்று எடுத்த எடுப்பில் கேட்பார். நீங்களோ அவர் முகத்தை இப்போதுதான் பார்க்கிறீர்கள். இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய ஒரே வழி, உங்களைப் பற்றிய கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுப் பேச்சை அவர் பக்கம் தள்ளுவது. ‘பரவால்லப்பா. நீ எந்த ஊரு? பஸ்ஸுல வந்தியா?’ போதும். நிகழ்ச்சியில் அடித்த ஜோக்கை நேரிலும் அடித்துக் காட்டாதீர்கள். அது அவருக்கு மனப்பாடம்.

மரியாதை விஷயத்தில் ஒரு சின்ன யோசனை. எங்கள் கூட்டத்தில் பதினாறு வயதுப் பையனும் வருவான், ஓய்வுபெற்ற வாத்தியாரும் வருவார். முதல் தடவை எல்லாருக்கும் வாங்க போங்கதான். பையன்களே ‘அக்கா, வா போன்னே கூப்புடுங்க’ என்று சொல்லும்போது மாற்றிக்கொள்ளலாம். ‘பாய்’, ‘சார்’, ‘அண்ணா’ எல்லாம் அவரவர் ஊரில் எப்படிக் கூப்பிடுகிறார்களோ அப்படியே.

‘உங்க ஹாபி என்ன?’ என்று கேட்காதீர்கள்

கேட்டால் கல்யாண பயோடேட்டா மாதிரி பதில் வரும். ‘பாட்டு கேப்பேன், புக்கு படிப்பேன்.’ அத்தோடு கதவு சாத்திக்கொள்ளும். உண்மையில் அவர் வீட்டில் ரேடியோ ஏரியல் கட்டியிருப்பார். அதை ஹாபி என்று சொல்ல அவருக்கே கூச்சம்.

அதற்குப் பதில் இதைக் கேளுங்கள்: ‘படத்தை எந்த இடத்துல நிறுத்துவீங்க?’

எல்லாரும் ஏதோ ஒரு இடத்தில் ரிமோட்டை அமுக்கி நிறுத்திப் பார்க்கிறவர்கள்தான். எங்கே நிறுத்துகிறார் என்பதிலேயே ஆள் தெரிந்துவிடும். என்னைக் கேட்டால் நான் கால்களில் நிறுத்துவேன். ராஜா காலத்துப் படத்தில் தளபதி குதிரையிலிருந்து குதிக்கிறபோது காலணியின் அடியில் வார்ப்பு ரப்பர் சோல் தெரிந்தால் எனக்கு அன்றைய தினம் திருநாள். கொழுந்தனார் தலையில் அடித்துக்கொள்வார், ‘அண்ணி, அங்க ஒரு நாடே கவுந்துகினு இருக்குது, நீங்க செருப்ப பாக்கறீங்க.’

ஒரு பெண், கல்லூரி மாணவி, செஸ் பலகையில் நிறுத்துவேன் என்றாள். ஆடுகிறவரின் வலது கைப் பக்க மூலையில் வெள்ளைக் கட்டம் வரவேண்டும். படங்களில் மேதை என்று காட்டப்படுகிறவர் எதிரே பலகை திரும்பிக் கிடக்கும், கறுப்புக் கட்டம் மூலையில் இருக்கும். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் மாவட்டப் போட்டிகளுக்குப் போகிறவள் என்பது தெரிந்துவிட்டது. நான் ஹாபி பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்னொரு தம்பி நிலவில் நிறுத்துகிறவன். மூன்றாம் பிறை சூரியன் போன ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் தானும் மறைந்துவிடும். ஆனால் படத்தில் நடு ராத்திரி, நாய் ஊளையிடுகிறது, ஜன்னலில் மெல்லிய பிறை. ‘அது எப்பவோ வீட்டுக்குப் போயிருக்கும்க்கா’ என்றான். இன்னொன்றும் சொன்னான். நம் ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கம், 13 டிகிரி வடக்கில் இருப்பதால் மாலைப் பிறை பெரும்பாலும் மல்லாந்துதான் கிடக்கும். வடக்கே குளிர் நாடுகளுக்குப் போகப் போக அது நிமிர்ந்துகொண்டே வரும். கிராமத்துக் காட்சியில் நட்டமாக நிற்கிற பிறை வந்தால், வெளிநாட்டில் எடுத்த துண்டை ஒட்டிவிட்டார்கள் என்று சந்தேகப்படலாமாம். அந்தத் தம்பியைப் பற்றிக் கீழே விவரமாகச் சொல்கிறேன், அவன் கதை பெரிசு.

வாலாஜா சார் கொண்டுவந்த புகார்

நேயர் ஒருவர் உங்கள் நிகழ்ச்சியில் குறை சொல்ல வந்தால் சந்தோஷப்படுங்கள். ஹாபி பேச்சுக்கு அதைவிட நல்ல வாசல் கிடையாது.

வாலாஜாவிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வருவார். அவர் வந்த முதல் நாளே புகார்: ‘ஆரம்பத்துல சரியா இருக்கும்மா. போகப் போக உங்க பேச்சு பின்தங்கிடுது. கிளைமாக்ஸ்ல வில்லன் செத்து அஞ்சு நிமிஷம் கழிச்சு நீங்க ‘ஐயோ சுடப்போறான்’னு சொல்றீங்க.’ மற்றவர்களுக்கெல்லாம் சரியாக இருக்கிறதே என்று கொழுந்தனார் வாதாடப் போனார். நான் அவரைத் தடுத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டேன்: ‘சார், நீங்க படத்த எதுல போட்டுப் பாக்கறீங்க?’

வீடியோ கேசட்டில்! பழைய வீடியோ பிளேயரை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார் மனிதர். அப்போது காரணம் அவருக்கே தெரிந்துதான் இருந்தது, நாங்கள் கேட்பதற்காகக் காத்திருந்தார் என்பதும் புரிந்தது. சினிமாப் படச்சுருள் வினாடிக்கு 24 பிரேம். கேசட் காலத்தில் நம் நாட்டு டிவி முறையாக இருந்த பால் (PAL), வினாடிக்கு 25 பிரேம். படத்தை கேசட்டுக்கு மாற்றும்போது 24ஐ 25 ஆக ஓட்டிவிடுவார்கள். நூற்றுக்கு நாலு பங்கு வேகம் கூடும். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். ஆக, படத்தில் ஒவ்வொரு 25 நிமிடத்துக்கும் ஒரு நிமிடம் நாங்கள் பின்தங்குகிறோம். பாட்டின் சுருதியும் அரைக் கட்டைக்குக் கொஞ்சம் குறைவாக ஏறிவிடும் என்று சொல்லி, ஒரு பல்லவியை இரண்டு விதமாகவும் பாடிக் காட்டினார். எதிரே சுண்டல் விற்றவர்கூட நின்று கேட்டார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. ‘அப்ப டிவிடியில பாருங்க சார்’ என்று சொல்லியிருந்தால் பிரச்சினை தீர்ந்திருக்கும், பேச்சும் தீர்ந்திருக்கும். நேயர் பிரச்சினையோடு வரும்போது உடனே தீர்வு கொடுக்காதீர்கள். அவரிடம் இருக்கும் பொருளைப் பற்றி அடுத்த கேள்வி கேளுங்கள். நான் கேட்டது, ‘இத்தனை வருஷமா அது எப்படி ஓடுது?’

அவ்வளவுதான், அரை மணி நேரம். உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் வயசாகித் தார் மாதிரி இளகிவிடும், மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் டேப் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூசணம் பிடிக்கும், அதை அப்படியே போட்டால் பிளேயரும் கெடும், அடுத்த கேசட்டும் கெடும். டேப்பைப் படிக்கிற ஹெட் ஓர் உருளையில் இருக்கிறது, அந்த உருளை நிமிடத்துக்கு 1500 தடவை சுற்றும். அதன் முனை கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. பஞ்சு குச்சியால் துடைத்தால் நூல் மாட்டி முனை உடைந்துவிடும். ஷாமோய் தோலை ஆல்கஹாலில் நனைத்து, உருளை சுற்றும் திசையிலேயே, பக்கவாட்டில் மட்டும் துடைக்க வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் போச்சு.

ஷாமோய் என்று அவர் சொன்னதும் எனக்குக் கை பரபரத்தது. தோல் விஷயம்! அடுத்த மாதம் நல்ல மிருதுவான துண்டுகளாக வெட்டி ஒரு கவரில் போட்டுக் கொடுத்தேன். அவர் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், எந்தப் பக்கம் நார் தூக்குகிறது என்று கேட்டார். அதற்கப்புறம் எங்களுக்குள் இருந்த ‘நிகழ்ச்சி நடத்துகிறவர், கேட்கிறவர்’ கணக்கு போய்விட்டது. உங்கள் வேலையிலிருந்து ஒரு துணுக்கு அவர்கள் பொழுதுபோக்குக்கு உதவுமா என்று எப்போதும் ஒரு காதை நீட்டி வையுங்கள். பெரிய பரிசெல்லாம் வேண்டாம், சங்கடப்படுவார்கள்.

இரண்டாவது கேள்வி: ‘எங்க மாட்டிக்கிச்சு?’

முதல் கேள்வியில் பொருள் என்னவென்று தெரிந்துவிட்டது. இப்போது ஆளைப் பேசவைக்க வேண்டும். சாதித்ததைக் கேட்டால் அடக்கம் வந்து வாயை அடைக்கும். மாட்டிக்கொண்டதைக் கேட்டால் கொட்டுவார்கள்.

நிலவுத் தம்பிக்கு வருகிறேன். குடியாத்தம் பையன், வீட்டில் லுங்கித் தறி. டெலஸ்கோப் வாங்கக் காசில்லை என்று அதன் கண்ணாடியைத் தானே தேய்க்கிறான். எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்த மாதிரி தலையாட்டவும் இல்லை. ‘இப்ப எங்க மாட்டிக்கினு இருக்க?’ என்று மட்டும் கேட்டேன்.

இரண்டு கனமான வட்டக் கண்ணாடிகள், ஒவ்வொன்றும் ஆறு அங்குல அகலம். ஒன்றை ஒரு டிரம்மின் மேல் அசையாமல் பொருத்திவிட்டு, நடுவில் கார்போரண்டம் பொடியையும் தண்ணீரையும் விட்டு, மற்றதை மேலே வைத்து முன்னும் பின்னும் தள்ள வேண்டும். கொஞ்சம் தள்ளு, கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பு, டிரம்மைச் சுற்றி ஓரடி நகரு, மறுபடி தள்ளு. இப்படிச் செய்துகொண்டே இருந்தால் மேலே இருக்கிற கண்ணாடி தானாகக் குழியும், கீழே இருப்பது குவியும். ‘அச்சே கிடையாதுக்கா. ரெண்டும் ஒண்ண ஒண்ணு தேச்சிக்கினே வட்டமாயிடும்’ என்று சொல்லும்போது இரண்டு உள்ளங்கையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தேய்த்துக் காட்டினான். அந்தக் கையைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். ஹாபிக்காரர்கள் முக்கியமான விஷயத்தை வாயால் சொல்வதில்லை, கையால் சொல்வார்கள்.

மாட்டிக்கொண்டது எங்கே? கரடுமுரடான பொடியில் ஆரம்பித்துப் படிப்படியாக நைசான பொடிக்கு இறங்க வேண்டும். ஒரு படியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது எல்லாவற்றையும் கழுவ வேண்டும். கண்ணாடி, டிரம், வாளி, தரை, போட்டிருக்கிற சட்டை. பெரிய பொடியில் ஒரே ஒரு துகள் தங்கினால் போதும், நைசான வேலையின் நடுவில் கோடு கிழித்துவிடும். கோடு விழுந்தால் மறுபடி மேல் படிக்கு ஏறி அங்கிருந்து தேய்த்துக்கொண்டு வர வேண்டும். அவனுக்குத் துகள் தங்கியது நகக்கண்ணில். அன்றிலிருந்து ஒவ்வொரு படி மாறும்போதும் நகத்தை ஒட்ட வெட்டுகிறான். கையைக் காட்டினான், எல்லா விரலிலும் சிவந்து கிடந்தது.

தேய்ப்பு முடிந்தால் கீல் பூசிய அடித்தட்டில் சீரியம் ஆக்சைடு போட்டு மெருகு. அப்புறம் இருட்டறையில் ஒரு சின்ன விளக்கும் ஷேவிங் பிளேடும் வைத்துச் சோதனை. ஒளியின் அலைநீளத்தில் கால் பங்கு அளவுக்கு, அதாவது ஒரு மில்லிமீட்டரை ஏழாயிரமாகப் பிரித்தால் வருகிற ஒரு பங்கு அளவுக்கு மேடு பள்ளம் இருந்தாலும் அந்த பிளேடு நிழலில் தெரிந்துவிடுமாம். பத்து ரூபாய் பிளேடு!

இந்த இடத்தில் ஊர்ப் பெருமையைக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர். பழைய வட ஆற்காடு மாவட்டம்தான், இப்போது திருப்பத்தூரில் போய்விட்டது. அங்கே வைணு பாப்பு வானாய்வகத்தில் இருக்கிற பெரிய டெலஸ்கோப்பின் கண்ணாடி 2.34 மீட்டர் அகலம். யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருப்பது 1977 மார்ச் 10 இரவு தெரியவந்தபோது, அந்த நிகழ்வைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. தம்பிக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம். நான் சொல்ல ஆரம்பித்தபோது அவன் முடித்து வைத்தான். முகம் மலர்ந்துபோயிற்று. நேயர் ஊரைச் சுற்றி அவர் பொழுதுபோக்குக்குச் சம்பந்தமாக என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே கொஞ்சம் விசாரித்து வைத்தால் இப்படிப் பயன்படும்.

கேட்கக் கூடாதவை

‘இதனால என்ன பிரயோஜனம்?’ வேண்டவே வேண்டாம். அதை வீட்டில் தினமும் கேட்கிறார்கள்.

‘எவ்ளோ ஆச்சு?’ பலர் நடுவில் கேட்காதீர்கள். தனியாகக் கேளுங்கள், அதுவும் நீங்களும் அதை ஆரம்பிக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும்.

‘யூடியூப்ல போட்டா காசு வருமே?’ இதைக் கேட்கும்போது நமக்கு அக்கறை மாதிரி இருக்கும். அவருக்கு அவருடைய ஞாயிற்றுக்கிழமையைப் பிடுங்குகிற மாதிரி இருக்கும்.

பொருளைச் சேகரிக்கிறவர்களிடம் இன்னும் ஜாக்கிரதை தேவை. ஆம்பூர் பாய் ஒருவர் பழைய தமிழ் காமிக்ஸ் சேர்க்கிறார். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு ஆரம்பித்ததே, அந்தக் காலத்துப் புத்தகங்கள். மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துபோய் இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும், ஞாபகமிருக்கிறதா? பாய் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்தால் உடனே கை நீட்டாதீர்கள். அவரே கொடுக்கும்வரை கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். டீ கிளாஸைத் தள்ளி வையுங்கள், வடை தின்ற கையைத் துடையுங்கள். இதை அவர் கவனிப்பார், நீங்கள் கவனிக்காத மாதிரி இருப்பார்.

சேகரிப்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, ‘எது இன்னும் கிடைக்கல?’ இருக்கிற நூறைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவார். இல்லாத ஒன்றைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். எந்தப் பழைய புத்தகக் கடை, எந்த வருஷ மழை, யார் வீட்டு அட்டைப் பெட்டி, எப்படி ஒரு நாள் தாமதத்தில் எடைக்குப் போனது, எல்லாம் வரும். நடுவில் குறுக்கிட்டு ‘பிடிஎஃப் இருக்குமே பாய்’ என்று யாராவது சொன்னால் அவரை டீ வாங்க அனுப்பிவிடுங்கள்.

அப்புறம் பாதுகாப்பைப் பற்றிக் கேளுங்கள், நமக்கே உபயோகமான விஷயங்கள் கிடைக்கும். பழைய புத்தகத்தில் முதலில் கெடுவது தாள் இல்லை, நடுவில் அடித்த பின். துரு பிடித்துச் சுற்றியுள்ள தாளை அரித்துவிடும். பாய் பின்னைப் பொறுமையாக நிமிர்த்தி எடுத்துவிட்டு அதே ஓட்டை வழியாகப் பருத்தி நூல் கோத்துவிடுகிறார். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம், ஷூ டப்பாவில் போடுவோமே அதுதான்.

ஒரே பைத்தியம் இரண்டு பேருக்கு இருந்தால்

நல்லதுதான், ஆனால் கூட்டம் செத்துவிடும். இரண்டு ஹாம் ரேடியோக்காரர்கள், அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் ஒருவரோடொருவர் பேசுகிறவர்கள், சந்தித்தால் ஐந்தாவது நிமிடத்தில் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை புரியாது. நீங்கள் நடுவில் உட்கார்ந்து சின்னச் சின்னதாக விளக்கம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ‘ஒரு நிமிஷம்மா, அந்த விஎச்எஃப்புன்னா என்னா? எங்க அத்தைக்குப் புரியற மாதிரி சொல்லு.’ உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் கேளுங்கள். அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், விளக்கம் சொல்வதில் இருக்கிற சுகம் வேறெதிலும் இல்லை.

காட்பாடியில் படிக்கிற ஒரு பெண்ணுக்கு ஹாம் லைசென்ஸ் இருக்கிறது. மத்திய அரசு நடத்தும் தேர்வு எழுதி வாங்க வேண்டும், 12 வயது ஆனாலே எழுதலாம். ஆரம்ப நிலைக்கு வியூ3 (VU3) என்று தொடங்கும் அழைப்புக் குறி கிடைக்கும், மேல் நிலைக்கு வியூ2 (VU2). பெயரைக் கேட்டால்கூட ‘விக்டர், யூனிஃபார்ம், த்ரீ’ என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்துவிடுவாள் (வி, யூ எழுத்துகளை ரேடியோவில் அப்படித்தான் சொல்வார்கள்). அவளிடம் ‘எவ்ளோ தூரம் பேசியிருக்க?’ என்பதைவிட ‘யாரோட பேசின, என்ன பேசின?’ என்று கேட்டுப் பாருங்கள். தூரத்துக்குப் பதில் ஒரு எண், ஆளுக்குப் பதில் ஒரு கதை.

இன்னொன்று, இதில் நான் கொஞ்சம் கறாராகவே இருப்பேன். கூட்டத்துக்கு வந்த ஒருவரை இன்னொருவர் பரீட்சை வைப்பது. ‘ரசிகைன்னு சொல்றீங்க, அந்தப் படத்துக்கு எடிட்டர் யாரு சொல்லுங்க பாப்போம்?’ இது பெரும்பாலும் பெண்களிடமும் புதுசாக வந்தவர்களிடமும்தான் நடக்கும். ஒரு திரைப்பட விழாவில் என்னையே இப்படி நிற்கவைத்துக் கேட்டார் ஒருவர். பதில் தெரிந்தும் சொல்லாமல் வந்துவிட்டேன், இப்போதும் அதில் வருத்தமில்லை. எங்கள் கூட்டத்தில் யாராவது பரீட்சை ஆரம்பித்தால் கொழுந்தனார் உடனே, ‘அண்ணா, கேள்வித்தாள் அடுத்த வாரம் லீக் ஆவும், இப்ப சுண்டல் சாப்புடுங்க’ என்பார். சிரிப்போடு முடிந்துவிடும். மறுபடி செய்தால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவோம்.

பேசாதவர்கள்

ஒருவர் வருவார், ஓரமாக உட்கார்வார், எல்லாவற்றுக்கும் சிரிப்பார், போய்விடுவார். அவரைப் ‘பேசுங்க, பேசுங்க’ என்று நச்சரிக்காதீர்கள். சொல்லித்தரச் சொல்லுங்கள். ஒரு பையன் ரூபிக் க்யூபை மடியில் வைத்துப் பார்க்காமலே திருப்பிக்கொண்டிருப்பான். எப்படிக் குலைத்தாலும் இருபது திருப்பத்துக்குள் சேர்த்துவிடலாம் என்று 2010இல் கணக்குப் போட்டு நிரூபித்திருக்கிறார்கள் என்பதை அவன்தான் ஒரு நாள் முணுமுணுத்தான். அதைப் பிடித்துக்கொண்டு, ‘எனக்கு இருபது வாணாம், வெள்ளைப் பக்கம் ஒண்ணு மட்டும் சொல்லிக்குடு’ என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். சொல்லித்தரும்போது அவனுக்குக் கூச்சமே இல்லை. என்னை அதட்டக்கூட செய்தான்.

பதிவு செய்வதானால்

பொழுதுபோக்குப் பேச்சை நிகழ்ச்சியில் சேர்த்தால் நன்றாக இருக்கும், சினிமாவோடு சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். ஆனால் அகழி ஓரம் காற்று, பஸ் ஹாரன், எல்லாம் விழும். நாங்கள் வீட்டுக்கு அழைத்துத்தான் பதிவு செய்கிறோம். வேலூர் வெயிலில், அக்னி நட்சத்திரத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு உட்காரச் சொன்னால் விருந்தாளி பாவம். ஆகவே மே மாதத்தில் விடியற்காலை, மற்ற மாதங்களில் ராத்திரி. மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேர் எதிரே இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில். ஜன்னலுக்கு ஜமக்காளம்.

பொருளைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். எதிரே பொருள் இருந்தால் பேச்சு தானாக வரும், சத்தமும் கிடைக்கும். வீடியோ பிளேயர் கேசட்டை உள்ளே இழுத்துக்கொள்கிற அந்தக் கடகட சத்தம், கண்ணாடி தேய்க்கிற கரகரப்பு, க்யூப் திரும்புகிற சத்தம். இவற்றைத் தனியாக ஒரு நிமிடம் பதிவு செய்துகொண்டால் பின்னால் எடிட்டிங்கில் உதவும். கேள்விகளை எழுதி வைத்துப் படிக்காதீர்கள். மேலே சொன்ன இரண்டும் போதும்.

வெளியிடுவதற்கு முன் அந்தப் பகுதியை முழுசாக அவருக்கு அனுப்பி, எதையாவது எடுக்க வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். பெயரைச் சொல்லலாமா, ஊரை மட்டும் சொன்னால் போதுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். எங்களிடம் இதுவரை அதிகம் எடுக்கச் சொன்னது பெயரையும் இல்லை, ஊரையும் இல்லை. ‘அக்கா, அந்த வெல சொன்ன எடத்த மட்டும் வெட்டிடுங்க, வீட்ல கேப்பாங்க.’